அருவிக் கரையில் அலை எட்டுமா?

கம்பியில்லாக் கருவிகளின் பலமும் எல்லையும்

2024-ம் ஆண்டு மே மாதம் 17-ந் தேதி. குற்றாலத்தில் சீசன் இன்னும் தொடங்கவில்லை. ஆனாலும் கோடை விடுமுறைக் காலம். பழைய குற்றால அருவியில் ஜனங்கள் குடும்பம் குடும்பமாகக் குளித்துக்கொண்டிருந்தார்கள். பிற்பகலில் திடீரென்று காட்டாற்று வெள்ளம் பாய்ந்து வந்தது. குளித்தவர்கள் அலறியடித்துக்கொண்டு ஓடினார்கள். 17 வயதுப் பையன் ஒருவன் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு உயிர் இழந்தான்.

வெள்ளம் பாய்ந்த காட்சியை அங்கிருந்தவர்கள் செல்போனில் படம் பிடித்தார்கள். அந்தப் படம் நாடு முழுவதும் பரவியது. வெள்ளம் வந்துவிட்ட செய்தி டில்லிவரை போயிற்று. ஆனால் வெள்ளம் வரப்போகிறது என்ற செய்தி, அருவியில் நின்றவர்களின் காதுக்கு நேரத்தில் எட்டவில்லை.

இது விசித்திரமாக இல்லையா? அமெரிக்காவில் இருக்கும் மகனோடு முகம் பார்த்துப் பேசுகிறோம். மலை மேல் மழை பெய்கிற சேதி அடிவாரத்துக்கு வரக் காணோம். குற்றம் கருவியிலா, நம்மிடத்திலா?

இதைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால், கம்பியில்லாமல் சேதி எப்படிப் போகிறது, எதுவரை போகிறது என்று தெரிய வேண்டும். படித்தவர்களுக்கு மட்டும் உரிய விஷயம் அல்ல இது. செல்போன் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் உரியது.

அலை என்றால் என்ன?

குளத்தில் ஒரு கல்லைப் போடுங்கள். வட்டம் வட்டமாக அலை கிளம்பிக் கரைவரை வரும். தண்ணீர் நகர்ந்து வருவதில்லை. அசைவுதான் வருகிறது.

வானொலி, டெலிவிஷன், செல்போன் எல்லாம் இப்படிப்பட்ட அசைவை வைத்தே வேலை செய்கின்றன. ஆனால் அது தண்ணீரில் கிளம்பும் அலை அல்ல. மின்சாரமும் காந்த சக்தியும் சேர்ந்த அலை. அதை மின்காந்த அலை என்பார்கள். நம் கண்ணில் படும் வெளிச்சமும் இதே ஜாதிதான். வானொலி அலை கண்ணுக்குத் தெரியாது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இதன் வேகம் என்ன தெரியுமா? ஒரு விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர்! 'ஒன்று' என்று சொல்லி வாயை மூடுவதற்குள் உலகத்தை ஏழு முறை சுற்றிவிடும் வேகம்.

ஹென்ரிக் ஹெர்ட்ஸ் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி 1887, 1888-ம் ஆண்டுகளில் இந்த அலைகளை உண்டாக்கிக் காட்டினார். சில ஆண்டுகளில் நம் நாட்டு ஜகதீச சந்திர போஸ் கல்கத்தாவில் ஒரு அதிசயம் நடத்தினார். ஓர் அறையில் அலையைக் கிளப்பி, கம்பி எதுவும் இல்லாமல் தூரத்தில் இருந்த மணியை அடிக்க வைத்தார். வெடிமருந்தையும் வெடிக்க வைத்தார். 1901-ல் மார்க்கோனி அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டிச் சேதி அனுப்பினார்.

போஸ் அடித்த மணிக்கும் உங்கள் சட்டைப் பையில் அடிக்கும் மணிக்கும் அடிப்படை ஒன்றே.

நெட்டை அலையும் குட்டை அலையும்

எல்லா அலையும் ஒரே நீளம் அல்ல. இதுதான் முக்கியமான விஷயம். இதைப் புரிந்துகொண்டால் பாதிக் கதை புரிந்த மாதிரி.

பழைய டிரான்சிஸ்டரில் 'மீடியம் வேவ்' என்று போட்டிருக்கும். அந்த அலை ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான மீட்டர் நீளம். எப்.எம். வானொலியின் அலை சுமார் 3 மீட்டர். செல்போனுக்குப் பயன்படும் 900 மெகாஹெர்ட்ஸ் அலை சுமார் 33 சென்டிமீட்டர், அதாவது ஓர் அடிக்குச் சற்று அதிகம். '5-ஜி'க்குப் பெரிதும் பயன்படும் 3500 மெகாஹெர்ட்ஸ் அலை 9 சென்டிமீட்டருக்கும் குறைவு. ஒரு விநாடியில் எத்தனை அலை கிளம்புகிறது என்ற கணக்கைத்தான் ஹெர்ட்ஸ் என்கிறார்கள். ஒரு மெகாஹெர்ட்ஸ் என்றால் விநாடிக்குப் பத்து லட்சம் அலை. எண்ணிக்கை கூடக் கூட அலையின் நீளம் குறையும்.

நெட்டை அலை தரையை ஒட்டியே வளைந்து வளைந்து போகும். குன்று குறுக்கிட்டாலும் சமாளித்துக்கொள்ளும். ஆனால் அது சுமக்கும் சுமை குறைவு. பேச்சும் பாட்டும் சுமக்கலாம். படம் சுமக்க முடியாது.

குட்டை அலை வெளிச்சத்தைப்போல நேராகப் போகும். மலை மறித்தால் நிழல் விழும். பச்சை இலையும் கொட்டும் மழையும்கூட அதன் பலத்தைக் குறைக்கும். ஆனால் சுமை தூக்குவதில் அது பலசாலி. சினிமாப் படத்தையே சில நிமிஷத்தில் கொண்டுவந்து சேர்க்கும்.

தூரம் வேண்டுமா, சுமை வேண்டுமா? இரண்டையும் ஒரே அலையிடம் முழுசாக எதிர்பார்க்க முடியாது. மாட்டு வண்டி போகிற வரப்பில் லாரி போகாது. லாரி ஏற்றும் சுமையை மாட்டு வண்டி ஏற்றாது. அதுபோலத்தான்.

மலை நண்பனா, பகைவனா?

திருநெல்வேலி வானொலி நிலையம் 1963-ல் தொடங்கப்பட்டது. வயல் வேலை செய்கிறவர்களும் பீடி சுற்றுகிறவர்களும் பக்கத்தில் பெட்டியை வைத்துக்கொண்டு கேட்டார்கள். மீடியம் வேவ் அலை ஊர் ஊராகத் தவழ்ந்து வந்தது.

1999-ல் கொடைக்கானல் எப்.எம். வானொலி தொடங்கியது. எப்.எம். அலை நேராகப் போகிற அலை ஆயிற்றே, தெற்கு மாவட்டங்களில் அவ்வளவு தூரம் எப்படிக் கேட்டது? கொடைக்கானல் சுமார் 7000 அடி உயரத்தில் இருக்கிறது. உச்சியில் ஏற்றிய விளக்கு நாலா பக்கமும் தெரியும் அல்லவா? அங்கே மலை நண்பன்.

குற்றாலத்தில் என்ன ஆகிறது? அருவிகள் மலை மடிப்பில் இருக்கின்றன. பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி எல்லாம் மலையை முதுகில் சுமந்து நிற்பவை. செண்பகாதேவி, தேனருவி என்று மேலே போகப் போகக் காடும் பாறையும் நெருங்கிவரும். ஊரில் இருக்கும் செல்போன் கோபுரத்தின் அலை, இப்படிப்பட்ட மடிப்புக்குள் முழு பலத்தோடு நுழைய முடியாது. பாறையின் நிழல் அலைக்கும் உண்டு. இங்கே மலை பகைவன்.

தென்காசி பஸ் நிலையத்தில் சிக்னல் நன்றாகக் கிடைக்கிறது என்பதால், மலைப் பாதையில் கிடைக்கும் என்று நம்பக் கூடாது. இன்னொன்று. சிக்னல் மங்கின இடத்தில், கோபுரத்தை எட்டுவதற்காகச் செல்போன் அதிக சக்தியைச் செலவழிக்கும். ஆகையால் அங்கே பாட்டரியும் சீக்கிரம் தீரும்.

கம்பியில்லாக் கருவிக்குள் கம்பி!

செல்போனைக் கம்பியில்லா டெலிபோன் என்கிறோம். அது பாதிதான் உண்மை.

உங்கள் கையிலுள்ள செல்போன் ஒரு சின்னஞ்சிறு வானொலி நிலையம். பேச்சை அலையாக்கிப் பக்கத்துக் கோபுரத்துக்கு அனுப்புகிறது. அந்தத் தூரம் சில கிலோமீட்டர் மட்டுமே. அதற்குப் பிறகு? பெரும்பாலும் பூமிக்கு அடியில் புதைத்த கண்ணாடி இழைக் கேபிள் வழியாகத்தான் சேதி போகிறது. வெளிநாட்டுச் சேதி கடலுக்கு அடியில் கிடக்கும் கேபிளில் போகிறது. முதல் அடியும் கடைசி அடியும் அலை. நடு வழியெல்லாம் பெரும்பாலும் கேபிள்.

கேபிள் அறுந்தால் கோபுரம் ஊமை. மின்சாரம் நின்று, பாட்டரியும் டீசலும் தீர்ந்தால் கோபுரம் செத்த கட்டை.

2023-ம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் தெற்கு மாவட்டங்களில் கொட்டிய மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் நூற்றுக்கணக்கான பிரயாணிகள் ரயிலோடு சிக்கிக்கொண்டார்கள். மின்சாரம் நின்றது. பல ஊர்களில் செல்போன் பேச்சும் நின்றது. கருவி கையில் இருந்தது; பேச வழி இல்லை. தண்ணீர் வடிகிறவரை, அண்டை ஊரில் இருக்கும் அண்ணன் தம்பி உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாமல் தவித்த குடும்பங்கள் எத்தனையோ!

வீட்டிலுள்ள மற்றக் கருவிகள்

'வை-பை' என்பது வீட்டுக்குள் ஓடும் வாய்க்கால். கேபிள் வழியாக வந்த இண்டர்நெட்டை அறை அறையாகப் பிரித்துக் கொடுக்கும். வை-பையே இண்டர்நெட் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. ஆற்றில் தண்ணீர் வராவிட்டால் வாய்க்கால் மட்டும் என்ன செய்யும்? வை-பைக் கோடு முழுசாக இருந்தும் படம் வராமல் நிற்பது இதனால்தான்.

'புளூடூத்' இன்னும் குட்டை வாய்க்கால். சாதாரணமாகப் பத்து மீட்டருக்குள் வேலை செய்யும். காதில் மாட்டும் கருவிக்கும் கைக்கடிகாரத்துக்கும் அது போதும். இந்த விநோதப் பெயர் பழங்காலத்து டென்மார்க் அரசர் ஒருவரின் பட்டப் பெயர்.

டெலிவிஷனை இயக்கும் ரிமோட்டுகளில் பெரும்பாலானவை கண்ணுக்குத் தெரியாத ஒருவகை வெளிச்சத்தை அனுப்புகின்றன. அதனால் சுவரைத் தாண்டிப் போகாது. இடையில் தலையணை இருந்தாலும் தடுக்கும்.

'ஜி.பி.எஸ்.' என்பது வேறு தினுசு. சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக் கோள்கள் அனுப்பும் அலையைச் செல்போன் வாங்கிக்கொள்கிறது. கணக்குப் போட்டு, 'நீ இங்கே இருக்கிறாய்' என்று காட்டுகிறது. கோபுரத்தின் சிக்னல் இல்லாவிட்டாலும், வானம் நன்றாகத் தெரிந்தால் இது வேலை செய்யும். ஆனால் நீங்கள் இருக்கும் இடம் உங்களுக்குத் தெரியுமே தவிர, சிக்னல் இல்லாமல் அதைப் பிறருக்குச் சொல்ல முடியாது.

தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனத்தின் அலுவலகம் இருக்கிறது. அந்த நிறுவனம் 2021-ல் வெளியிட்ட 'அரட்டை' செயலி 2025-ல் நாடு முழுவதும் பேசப்பட்டது. நம் பக்கத்துக் கிராமத்தில் வேலை செய்கிறவர்கள் உலகத்துக்கே சாதனம் செய்து கொடுப்பது பெருமைதான். ஆனால் எந்தச் செயலியானாலும் அது கடிதம் எழுதும் காகிதம் மாதிரி. தபால்காரன் வர வழி இல்லாவிட்டால் காகிதம் பெட்டியிலேயே கிடக்கும்.

எச்சரிக்கை வருகிற வழிகள்

இப்போது நம் கேள்விக்கு வருவோம். மலையில் மழை பெய்கிறது. கீழே வெயில் அடிக்கிறது. அருவியில் குளிப்பவருக்கு யார் சொல்வது? எந்த அலை சொல்லும்?

முதல் வழி, எஸ்.எம்.எஸ். இதை ஒவ்வொரு நம்பருக்கும் தனித்தனியாக அனுப்ப வேண்டும். லட்சம் பேருக்கு அனுப்பினால் நேரம் பிடிக்கும், நெரிசலில் தாமதமாகும்.

இரண்டாவது வழி, 'செல் பிராட்காஸ்ட்' என்னும் ஒலிபரப்பு முறை. இது கோயில் ஒலிபெருக்கி மாதிரி. நம்பர் தேவையில்லை. குறிப்பிட்ட கோபுரங்களுக்கு உட்பட்ட எல்லாச் செல்போன்களுக்கும் ஏககாலத்தில் சேதி போகும். வெளியூர்க்காரர், உள்ளூர்க்காரர் என்ற பேதம் இல்லை. போன் பலத்த ஓசையோடு அதிரும். 2023-ல் மத்திய அரசு இதைப் பல மாநிலங்களில் சோதித்துப் பார்த்தது. கையிலிருந்த போன் திடீரென்று அலறியதும் என்னவோ ஏதோ என்று பலர் பயந்துபோனார்கள். பயப்பட ஒன்றும் இல்லை. உயிரைக் காக்க வந்த முறை அது.

குற்றாலத்துக்கு ஏற்ற முறைதான். ஆனால் அதிலும் ஓர் ஓட்டை உண்டு.

அருவியில் குளிக்கிறவர் கையில் செல்போன் ஏது? வேட்டியோடு மடித்துப் பையில் வைத்திருப்பார். அல்லது காரில் பூட்டியிருப்பார். போன் பைக்குள் எவ்வளவு அலறினாலும், அருவியின் இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? அலை கோபுரத்திலிருந்து பைவரை வந்துவிட்டது. பையிலிருந்து காதுவரை உள்ள கடைசிப் பத்து கஜத்தைத் தாண்டவில்லை!

மூன்றாவது வழி, போலீஸ்காரர் கையிலுள்ள வயர்லெஸ். இதற்குச் செல்போன் கோபுரம் தேவையில்லை. ஒரு செட்டிலிருந்து இன்னொரு செட்டுக்கு நேராகப் பேசலாம். ஒருவர் பேசினால் அதே வரிசையில் உள்ள எல்லோருக்கும் கேட்கும். தூரம் குறைவுதான். ஆனால் கோபுரங்கள் ஊமையான நாளிலும் இது பேசும்.

நான்காவது வழி, சங்கு. பழைய சங்குதான். பஞ்சாலையில் ஊதுகிற மாதிரி அருவிக் கரையில் ஊதினால், போன் இல்லாதவரும் எழுதப் படிக்கத் தெரியாதவரும் ஓடிவிடுவார்கள்.

சங்கிலியில் நாலு கண்ணி

பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டினால், குளிக்கத் தடை போடுவது வழக்கம். நல்ல வழக்கம். ஆனால் அது தண்ணீர் வந்த பிறகு செய்யும் காரியம். திடீர் வெள்ளத்துக்கு அது போதாது. சில நிமிஷம் முன்னால் தெரிந்தாலும் நூறு உயிர் தப்பும்.

அதற்கு நாலு கண்ணி வேண்டும். மலைமேல் மழையையும் நீர்மட்டத்தையும் அளக்கும் கருவி, முதல் கண்ணி. அந்த அளவைக் கீழே கொண்டுவரும் அலை, இரண்டாவது கண்ணி. இதற்குச் செல்போன் கோபுரத்தை மட்டும் நம்பினால் ஆபத்து. தூரம் போகிற வானொலி அலையோ செயற்கைக் கோளோ துணைக்கு இருக்க வேண்டும். அளவு வெறும் எண்தானே? படம் இல்லை, பாட்டு இல்லை. சுமை குறைந்த அலையே போதும். அபாயம் என்று உடனே முடிவு செய்கிற மனிதர், மூன்றாவது கண்ணி. கரையில் ஊதும் சங்கும் படியில் நிற்கும் காவலரும், நான்காவது கண்ணி.

ஒரு கண்ணி அறுந்தாலும் சங்கிலி அறுந்ததுதான். விலை உயர்ந்த கருவியை மலையில் வைத்துவிட்டுக் கரையில் சங்கு வைக்காமல் விட்டால் பயன் இல்லை. சங்கை வைத்துவிட்டு, ஊத உத்தரவு வாங்கப் பத்துப் பேரைத் தேடினாலும் பயன் இல்லை.

விஞ்ஞானம் முதல் மூன்று லட்சம் கிலோமீட்டரை ஒரு விநாடியில் கடந்துவிடும். கடைசிப் பத்து கஜத்தை மனிதன்தான் கடக்க வேண்டும்.

குடும்பத்தோடு போகிறவர்களுக்கு

அரசாங்கம் செய்ய வேண்டியது ஒரு பக்கம் இருக்கட்டும். நாம் செய்யக் கூடியவை இவை:

எல்லோரும் ஏககாலத்தில் அருவிக்குள் போகாதீர்கள். பெரியவர் ஒருவர் போனை வைத்துக்கொண்டு கரையில் இருக்கட்டும். அவர் கண் தண்ணீரின்மேல் இருக்கட்டும். தண்ணீர் செந்நிறமாகக் கலங்கினாலும், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலும், இரைச்சல் கூடினாலும் உடனே எல்லோரையும் வெளியே அழைக்க வேண்டும். இந்த அடையாளங்களைச் சொல்ல எந்தக் கோபுரமும் தேவையில்லை.

செல்போனில் அவசர எச்சரிக்கைகளை நிறுத்தி வைக்கும் வசதி உண்டு. சத்தம் தொந்தரவு என்று அதை நிறுத்தி வைக்காதீர்கள். விமானப் பயண முறையில் போட்டுவைத்த போனுக்கும் எச்சரிக்கை வராது.

புறப்படுமுன் பாட்டரியை நிரப்பிக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண் 112. உங்கள் கம்பெனியின் சிக்னல் இல்லாத இடத்திலும், வேறு கம்பெனியின் கோபுரம் எட்டினால் அது இந்த அழைப்பை ஏற்றுக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. ஆகவே கோடு இல்லை என்று சும்மா இருக்காமல் 112-ஐ அழுத்திப் பாருங்கள்.

பிரிந்துபோனால் எங்கே சந்திப்பது என்று வாயால் முன்கூட்டியே பேசி வையுங்கள். வீட்டு நம்பர் ஒன்றைப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்து வையுங்கள். போன் நனைந்து அணைந்தாலும், மனத்தில் உள்ள நம்பர் அணையாது.

காவலர் 'வெளியே வா' என்று விசில் அடித்தால், 'இன்னும் ஒரு நிமிஷம்' என்று சொல்லாதீர்கள். மலைமேல் என்ன நடக்கிறது என்று அவர் கையிலுள்ள வயர்லெஸ் சொல்லியிருக்கலாம். உங்கள் பைக்குள் உள்ள போனுக்கு அது இன்னும் தெரிந்திருக்காது.